முந்திச் சொன்ன சாட்சி

பிப்ரவரி 11

அன்புத் தங்கச்சிக்கு,

ஸ்தோத்திரம். நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கலை. பிள்ளைக்குக் காது கேட்டுடுச்சு, இனிமே அம்மாவுக்கு வேற யார்கூடப் பேச நேரம் இருக்கும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். அதான் லெட்டர். எனக்கு இலக்கணமா எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன். எம்.எஸ்சி. படிச்சவங்கற கெத்துல சிவப்பு மையை எடுத்துக்கிட்டு உட்காராதே.

நாங்க இங்க வந்து ஆறு வாரம் ஆச்சு. இவருக்கு லாரி ஓட்டற வேலை போய், கிடங்குல சாமான் ஏத்தி இறக்கறதைப் பார்த்துக்கற வேலை. வீடு ரெண்டு ரூம். ஜன்னல் பக்கம் தையல் மெஷினைப் போட்டுட்டேன். கீழ் வீட்டம்மா முதல்ல ஒரு தலையணை உறை குடுத்து என் கையைச் சோதிச்சாங்க. பாஸ் பண்ணிட்டேன். இப்ப கவுன் வரைக்கும் வந்திருக்கு.

விஷயத்துக்கு வரேன். அன்னைக்கு வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்துல நீ எழுந்து நின்னு, "இன்னைக்குக் காலையில, காது மெஷின் போடறதுக்கு முன்னாடி, பின்னால நின்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து அம்மான்னான்"னு சாட்சி சொன்னியே, அப்ப உன் தோள்ல சாஞ்சு நான் அழுதது பொறாமையில இல்லை. சரி, கொஞ்சம் பொறாமையும் இருந்துச்சு. கடைசி பெஞ்சுல ரெண்டு பேரும், ஆளுக்கொரு காது கேக்காத பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டு, பதினாலு மாசம் உட்கார்ந்திருந்தோம். உன் வாண்டுக்குக் கதவு திறந்துச்சுன்னா வரிசைப்படி அடுத்தது என் பூச்சிதானே?

இங்க பக்கத்துல பேச்சுப் பயிற்சி மையம் கிடையாது. பஸ்ல போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். பூச்சிக்கு பஸ்ஸைப் பார்த்தாலே வாந்தி. ரெண்டு நாள் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன். மூணாம் நாள் அவ காதுல இருந்து மெஷினைக் கழட்டித் துடைச்சு, டப்பால போட்டு பீரோவுல வெச்சுட்டேன். இவர், "என்னடி பண்றே?"ன்னாரு. "வாண்டுக்குச் செஞ்சவர் பூச்சிக்குச் செய்ய மாட்டாரா?"ன்னேன். அதுக்கு மேல வாயைத் திறக்கலை. உன் சாட்சிக்கு எதிரா யாரு என்ன பேச முடியும்?

நீ எனக்கு ஒண்ணு விடாம எழுது. எந்த நேரத்துல கூப்பிட்டே? எத்தனை நாள் உபவாசம் இருந்தே? என்ன சொல்லி ஜெபிச்சே? இப்ப என்னென்ன சொல்றான்? பூச்சிக்குப் பயிற்சியில வந்த ஆறு வார்த்தை இருக்கு, அவனோடது அதைத் தாண்டிடுச்சா? தாண்டியிருந்தாலும் சொல்லு, தாங்கிக்கறேன்.

உன் அக்கா,
பூச்சி அம்மா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் வாண்டுக்குச் சளி, பிறகு எனக்குக் காய்ச்சல், பிறகு வீட்டு ஓனர் திடீரென்று பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பிவிட்டார். நான்கு நாள் கட்டில் மேல் பாத்திரங்கள், பாத்திரங்கள் மேல் துணிகள். காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனாலும் அவற்றுக்கு நடுவில் கடிதம் எழுதியிருக்கலாம்.

உங்களுக்கு வேலை கிடைத்ததில் சந்தோஷம். தலையணை உறையில் பாஸ் செய்ததை இவரிடம் படித்துக் காட்டினேன், சிரித்தார்.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் நேரமும் நாளும் போட்டு எழுத வரவில்லை. அந்தக் காலை எனக்கு ஒரே கலக்கமாக இருக்கிறது. வாண்டு இப்போது அதிகம் பேசுவதில்லை. வெட்கப்படுகிறான் என்று நினைக்கிறேன். குழந்தைகள் அப்படித்தான், ஒரு நாள் செய்ததை மறுநாள் செய்யமாட்டார்கள்.

ஆனால் ஒன்று. பூச்சியின் மெஷினைக் கழற்றி வைக்காதீர்கள், அக்கா. வாண்டு இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். ஆண்டவர் மருந்து வழியாகவும் செய்கிறார், கருவி வழியாகவும் செய்கிறார். பஸ்ஸில் வாந்தி எடுத்தாலும் பரவாயில்லை, மாதம் ஒரு தடவையாவது மையத்துக்குக் கூட்டிப் போங்கள். நான் சொல்கிறேன் என்பதற்காகவாவது இன்றைக்கே போட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஜெபத்தில் உங்களை நினைக்கிறேன்.

வாண்டு அம்மா

மார்ச் 24

தங்கச்சி,

உன் லெட்டரை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை புரியலை. ரெண்டாம் தடவை கோபம் வந்துச்சு. மூணாம் தடவை அழுகை.

வெட்கப்படறானா? மூணரை வயசுல என்னடி வெட்கம், பொண்ணு பார்க்கவா வந்திருக்காங்க? சரி, வெட்கப்படட்டும். உன் பிள்ளைக்கு மெஷின் இல்லாமலே கேட்டுச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்னே. அப்புறம் எதுக்கு இன்னும் அவன் காதுல மெஷின்? உன் பிள்ளைக்கு அற்புதம், என் பிள்ளைக்கு மெஷினா? உனக்கு வானத்துல இருந்து வரும், தையக்காரிக்கு பஸ்ல வாந்தி எடுத்துட்டுப் போனாத்தான் வருமா? ஏன்னு கேக்கக் கூடாதாம்! நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியா?

கோபத்துல எழுதிட்டேன். எழுதினதைக் கோடு போட்டு அடிக்க மாட்டேன், இருக்கட்டும்.

என் நாத்தனார் இருக்காங்களே, கூட்டத்துல மூணாவது வரிசை, எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை மேல பாடுவாங்களே, அவங்க வாரா வாரம் போன். "குழந்தை பேசிச்சா?" இல்லைன்னா, "அந்தப் பொண்ணுக்குச் செஞ்சாரு, உனக்குச் செய்யலைன்னா குறை யார்கிட்ட? உனக்கு விசுவாசம் பத்தலை"ங்கறாங்க. இவரும் அதைக் கேட்டுட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கறாரு. கல்யாணம் ஆகி எட்டு வருஷத்துல, சமையல்ல குறை, பேச்சுல குறைன்னு கேட்டிருக்கேன். விசுவாசத்துல குறைன்னு இப்பத்தான் கேக்கறேன்.

ஏழு வாரம் ஆச்சு தங்கச்சி. கூப்பிட்டா அவ திரும்பறதில்லை. நிழல் பட்டுத் திரும்பினாக்கூடக் காது கேட்டுத் திரும்பினான்னு ஸ்தோத்திரம் சொல்றேன். மனசுக்குத் தெரியுது, வாய் சொல்லுது.

என்கிட்ட எங்க குறைன்னு நீ சொல்லு. நீ அந்தப் பக்கம் கடந்து போனவ, உனக்குத் தெரியும். தையல் எங்க பிரிஞ்சிருக்குன்னு காட்டினா நான் தைச்சுப்பேன்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

மேலே படிப்பதற்கு முன் எழுந்து போய், பீரோவைத் திறந்து, பூச்சிக்கு மெஷினைப் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டு வந்து படியுங்கள்.

வாண்டு என்னை "அம்மா" என்று கூப்பிடவில்லை. அன்று காலையும் கூப்பிடவில்லை, இதை எழுதுகிற நிமிடம் வரை கூப்பிடவில்லை. பின்னால் நின்று நான் கூப்பிட்டது மட்டும்தான் நிஜம். அவன் திரும்பவில்லை. கூட்டத்தில் நான் சொன்னது பொய்.

உங்கள் விசுவாசத்தில் எங்கும் தையல் பிரியவில்லை. பிரிந்தது என் வாய்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். சாக்கு என்று தோன்றினால் சாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் வரக் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் பாஸ்டரம்மா ஜெபக் குறிப்பு நோட்டைத் திறந்துவிட்டார். வேலை கேட்டவருக்கு வேலை கிடைத்தது, பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று ஒவ்வொரு வரியாகக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்து, நம் பிள்ளைகளின் பெயரில் பேனாவை நிறுத்தினார். வாரா வாரம் அடிபடாமல் மிஞ்சுவது அந்த வரிதான். "இன்னும் ஒண்ணும் தெரியலையாம்மா?" என்றார். முன் வரிசையிலிருந்து நர்ஸ் அக்கா திரும்பிப் பார்த்தார். வாண்டுக்காக இருபத்தொரு நாள் இரவுச் சாப்பாட்டை விட்டவர். கோபமாகப் பார்க்கவில்லை. வராத பஸ்ஸுக்காக நின்று நின்று கால் வலித்துப் போனவரைப் போலப் பார்த்தார். பாஸ்டரம்மா மெதுவாக, "சில நேரம் நமக்குள்ளேயே தடை இருக்கும். வீட்டுல போய் ஆராய்ஞ்சு பாரும்மா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். உடனே அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காக. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நீங்கள் பூச்சியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டிருந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும். கைதட்டினார்கள், பாடினார்கள். பாஸ்டரம்மா வாண்டின் பெயரை அடித்தார். உங்கள் மகளின் பெயர் அந்த வரியில் தனியாக நின்றது. அதைப் பார்த்தேன், பார்த்தும் உட்கார்ந்தேன்.

சொல்லிவிட்டால் ஆண்டவர் தம்முடைய பெயரைக் காப்பாற்றவாவது சீக்கிரம் செய்துவிடுவார் என்று நினைத்தேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நிஜத்தில் அவர் கழுத்தில் துண்டைப் போட்டு இழுத்தேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, எனக்கு ஆக்கவும் பொறுக்கவில்லை. இரண்டு நாளில் அவன் பேசிவிடுவான், பொய் மெய்யாகிவிடும், யாருக்கும் தெரியாது என்று காத்திருந்தேன். பாத்திர மூடியை அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் போட்டுப் பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் வந்து கேட்டார்கள். அவன் திரும்பவில்லை.

இவருக்கும் தெரியாது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மாவுக்கு மட்டும் சொல்லுவே, எனக்குக் கிடையாதா? ஓரவஞ்சனை பிடிச்சவனே. அப்பா சொல்லு" என்கிறார். நான் அடுப்படியில் நின்று குழாயைத் திறந்துவிடுகிறேன், கேட்காமல் இருப்பதற்காக. மெஷினை ஏன் இன்னும் போடுகிறாய் என்று கேட்டபோது, கொஞ்ச நாள் போட டாக்டர் சொன்னார் என்றேன். சபை வாசலில் வாண்டின் காதிலிருந்து அதைக் கழற்றி என் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். வெளியே வந்ததும் மாட்டுகிறேன். அவன் ஒன்றும் புரியாமல் காதைத் தடவிப் பார்க்கிறான். நான்கு மாதமாக அந்தச் சபையில் ஒருவரும் அவனுக்காக ஜெபிக்கவில்லை. அவன்தான் குணமாகிவிட்டானே.

உங்கள் காலில் விழுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை உங்கள் நாத்தனாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நானே சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

வாண்டு அம்மா

ஏப்ரல் 30

மேடத்துக்கு,

லெட்டரை நின்னுக்கிட்டே படிச்சேன். நீங்க சொன்ன மாதிரியே முதல்ல பீரோவைத் திறந்தேன். விசுவாசத்தோட கழட்டினவ பேட்டரியைக் கழட்ட மறந்துட்டேன். கசிஞ்சு, பச்சையா பூத்துப் போயிருந்துச்சு. சுத்தம் பண்ணக் கடைக்குக் குடுத்து வாங்க எட்டு நாள். போட்டதும் பூச்சி வீறிட்டா. சத்தம் மறந்துபோச்சு அவளுக்கு. கதவைச் சாத்தினா காதைப் பிச்சுக்கறா. என் தையல் மெஷின் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில போய் ஒளியறா.

போன வாரம் பயிற்சி மையத்துக்குப் போனோம். ஆறு வார்த்தை வெச்சிருந்தா, இப்ப ரெண்டு. வேணாங்கறதுக்கு ஒரு சத்தம், அவ அப்பாவுக்கு "ப்பா". தண்ணி போச்சு, பால் போச்சு, நாய் போச்சு. "ம்மா"வும் போச்சு. உங்களுக்கு வராத அம்மாவை வந்துச்சுன்னு சொன்னீங்க. எனக்கு வந்திருந்த அம்மா போயிடுச்சு.

அங்க இருந்த டீச்சர், "எதுக்கும்மா நிறுத்தினீங்க?"ன்னு கேட்டாங்க. என்ன பதில் சொல்லட்டும்? பக்கத்துல நின்ன நாலு தாய்மாருங்க காதைத் தீட்டிக்கிட்டு நிக்கறாங்க. ஊர் மாறி வந்தோம், வசதிப்படலைன்னேன். என் வாயிலயும் பொய் வந்துச்சு. அவ்வளவு சுலபமா வருது மேடம் அது.

சமயம் பார்த்துச் சொல்லிக்கறீங்களா? பொய் சொல்லும்போது சமயம் பார்த்தீங்களா?

நாத்தனார்கிட்ட நான் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. நான் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றான்னுவாங்க. இன்னும் வாரா வாரம் போன் வருது. இன்னும் எனக்கு விசுவாசம் பத்தலை. நீங்கதான் சொல்லணும். போன்ல இல்லை, பாஸ்டரம்மா காதுல ரகசியமா இல்லை. எந்த இடத்துல எழுந்து நின்னீங்களோ அந்த இடத்துல.

பூச்சி அம்மா

மே 9

அக்கா,

இன்று எழுந்து நின்றேன்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி உள்ளங்கையில் மடித்து வைத்திருந்தேன். "சாட்சியோ ஜெபக் குறிப்போ இருக்கறவங்க சொல்லலாம்" என்றார் பாஸ்டரம்மா. எழுந்தேன். எல்லோரும் திரும்பினார்கள். ஏற்கெனவே சிரித்த முகங்கள், அக்கா. வாண்டு இன்னொரு வார்த்தை சொல்லிவிட்டான் என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். உங்கள் நாத்தனார் கைதட்டுவதற்குத் தயாராகக் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எனக்கு ரெண்டு வாரமா தலைவலி, ஜெபிச்சுக்கோங்க" என்றேன்.

ஜெபித்தார்கள். நர்ஸ் அக்கா எழுந்து வந்து என் தலையில் கை வைத்துக் கண்ணீரோடு ஜெபித்தார். பத்து நிமிடம். இல்லாத தலைவலிக்காக. கூட்டம் முடிந்ததும் பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். விழுங்கினேன்.

இதை உங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லாமல் விட்டவை ஏற்கெனவே போதும்.

முதலில் இவரிடம் சொல்லாமல் அங்கே சொல்ல வாய் வராது என்று தெரிந்துவிட்டது. இவர் கேட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் நாக்கு மடிகிறது.

வாண்டு அம்மா

மே 30

அக்கா,

சொல்லிவிட்டேன். இரண்டு இடத்திலும்.

இவரிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். இவர் வழக்கம்போல் அவன் முன்னால் உட்கார்ந்து "அப்பா சொல்லு" என்றார். அவன் இவர் மூக்கைப் பிடித்து இழுத்தான். "போடா, உன்கூடக் கா" என்று பொய்க் கோபத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாண்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் குழாயைத் திறக்கவில்லை. அங்கேயே நின்று சொன்னேன்.

கத்துவார் என்று நினைத்தேன். திருப்பிய முகத்தை மறுபடி வாண்டு பக்கம் கொண்டுவந்தார். பிறகு, "அப்போ அஞ்சு மாசமா அவன்கிட்ட நான் கோவிச்சுக்கிட்டது?" என்றார். "அவனால முடியாததை வெச்சுக்கிட்டு ஓரவஞ்சனைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்டி. அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்" என்றார். வாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர் இருட்டும்வரை வரவில்லை. மூன்று நாள் தேவைக்குக்கூட என்னிடம் பேசவில்லை. வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டார், எடுத்த இடத்திலேயே வைத்தார், அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான்காம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பெண்கள் கூட்டம் என்பதால் வராந்தாவில், வாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வாசலில் நான் அவன் காதில் கை வைக்கவில்லை.

இந்த முறை தாளில் எழுதிக்கொண்டு போகவில்லை. எழுந்து, "டிசம்பர்ல நான் சொன்ன சாட்சி பொய். என் பையன் இன்னும் பேசலை. மெஷின் இல்லாம அவனுக்குக் கேக்கறதும் இல்லை" என்றேன். இவ்வளவுதான். இதற்கா ஆறு மாதம் என்று சொல்லும்போதே தோன்றியது. பாஸ்டரம்மா, "சரிம்மா, உட்காரு" என்று உடனே ஒரு பாட்டை ஆரம்பித்தார். என்னைக் காப்பாற்றத்தான். நர்ஸ் அக்கா, "பாட்டை நிறுத்துங்க, அவ இன்னும் முடிக்கலை" என்றார்.

முடிக்கவில்லைதான். உங்களைப் பற்றிச் சொன்னேன். "என் பொய்யை நம்பி அவங்க மகளோட மெஷினைக் கழட்டினாங்க. குழந்தை கத்துக்கிட்ட நாலு வார்த்தையை மறந்துடுச்சு. அவங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு இங்க யாராவது சொல்லியிருந்தா, அந்த வார்த்தை எனக்கு வரவேண்டியது" என்றேன். மூன்றாவது வரிசை அசையவில்லை. பிறகு உங்கள் நாத்தனார், "அப்ப அன்னைக்குக் கைதட்டினதெல்லாம்?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பாஸ்டரம்மா நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எழுதாமல் மூடினார்.

வெளியே வரும்போது நர்ஸ் அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னும் வரலைன்னு சொல்லியிருந்தா, இன்னொரு இருபத்தொரு நாள் இருந்திருப்பேனே" என்றார். வராந்தாவில் இவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்றார். பிள்ளையையா, தன்னையா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி யாரும் ஏறவில்லை. இருபது மாதத்தில் முதல் தடவையாக, "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்க ஆளில்லை. அது நிம்மதியாக இருக்கிறது, அந்த நிம்மதியும் வெட்கமாக இருக்கிறது.

ஜெபிக்க உட்கார்ந்தால் கேட்பதற்கு ஒன்றும் வருவதில்லை. "இன்னும் இல்லை" என்று மட்டும் சொல்கிறேன். சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் நாள் குறிக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிது. சில நாள் ஐந்து நிமிடம்கூட முடிவதில்லை, எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கிறேன். திரும்ப வந்து உட்காருகிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா. நீளமாக எழுத வேண்டாம். மன்னித்தேன் என்று ஒரு வரி. அது வந்தால்தான் எனக்கு மற்றது எதுவும் ஓடும். ஒரே ஒரு வரி, சீக்கிரம்.

வாண்டு அம்மா

ஜூன் 18

வாண்டு அம்மாவுக்கு,

நாத்தனார் போன் பண்ணாங்க. நீங்க எழுந்து நின்னதைப் பத்தி ஒரு பேச்சு இல்லை. "குழந்தைக்குச் செருப்பு என்ன சைஸ்?"னு கேட்டாங்க. எங்க வீட்டுல அதுக்குப் பேர்தான் மன்னிப்பு. சைஸைச் சொன்னேன். இவருக்கு விஷயம் தெரிஞ்சு, எதுவும் பேசாம என் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக் குடுத்தாரு. எட்டு வருஷத்துல முதல் தடவை. தேவையில்லாத இடத்துல எல்லாம் ஊத்தி, தைச்ச கவுன்ல கறை.

பயிற்சி மையத்துக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போறோம். ரெண்டு பிளாஸ்டிக் பை எடுத்துக்கறேன். ஒண்ணு அவ வாந்திக்கு, இன்னொண்ணு அவளைப் பார்த்து எனக்கு வர்ற வாந்திக்கு. பின் சீட்டுக்காரங்க இடம் மாறிப் போயிடறாங்க. வசதியா நீட்டிப் படுக்க வெச்சுக்கறேன். போன தடவை அந்த டீச்சர்கிட்ட நிஜத்தைச் சொல்லிட்டேன், எதுக்கு நிறுத்தினேன்னு. அவங்க ஒண்ணும் திட்டலை, நோட்டுல எழுதிக்கிட்டாங்க. "தண்ணி" திரும்பி வந்திருக்கு. மத்தது இன்னும் வரலை. "ம்மா" வரலை.

நீங்க எழுதினதை எல்லாம் படிச்சுட்டு நானும் ஒண்ணு சொல்லணும். கழட்டினது என் கை. நீங்க அன்னைக்குப் பக்கத்துல இல்லை. அந்த மூணு மணி நேர பஸ்ஸை நினைச்சு எனக்கு அலுப்பா இருந்துச்சு. அந்த அலுப்புக்குத்தான் நானும் விசுவாசம்னு பேர் வெச்சேன். உங்க சாட்சி எனக்குச் சாக்காப் போச்சு. இதை இவர்கிட்டக்கூடச் சொல்லலை, உங்ககிட்ட சொல்றேன், ஏன்னு தெரியலை. அதனால உங்க பங்கு குறைஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. உங்களோடது அப்படியே இருக்கு.

அங்க வாண்டுக்கு நடத்தற பாடத்தை எனக்கு எழுதி அனுப்புங்க. இங்க ரெண்டு வாரத்துக்கு ஒண்ணுதான் நடக்குது, அது பத்தலை. நீங்கதான் படிச்சவங்களாச்சே, தெளிவா எழுதுவீங்க. படம் போட வந்தா போடுங்க. பூச்சி பண்ணினதையும் பண்ணாததையும் நான் பதிலுக்கு எழுதறேன். வாண்டு பண்ணாததையும் நீங்க எழுதணும். பண்ணாதது நிறைய இருக்கும், பரவாயில்லை, தாள்தானே.

அந்த ஒரு வரி கேட்டீங்க. எழுத உட்கார்ந்தேன். மூணு தாள் கிழிச்சுட்டேன், வரலை. வராததை வந்துச்சுன்னு எழுதினா உங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தினமும் ஆண்டவர்கிட்ட கேக்கறேன். குடுப்பாரு, அது தெரியும். எப்பன்னு தெரியாது. வந்த அன்னைக்கே எழுதறேன்.

அதுக்கு முன்னாடி, அக்கா மன்னிச்சுட்டாங்கன்னு எழுந்து நின்னு எங்கயும் சொல்லித் தொலைச்சுடாதே.

பூச்சி அம்மா